நஞ்சு தொட்டால் பால் சுரக்கும்!

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. அப்படியானால் அளவோடு கொடுத்த நஞ்சு அமுதமாகுமோ? சிரிக்க வேண்டாம். பால்காட்டில் பிழைத்த குடும்பங்களுக்கு இது புதிய சங்கதியே அல்ல.

வெட்டுக்கோட்டின் அருகே தூரிகையால் மருந்து தடவுவதை நம்மில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். தடவிய பின் மங்கு நிரம்பும். வழக்கமாகச் சீக்கிரமே நின்றுபோகும் பால், வெயில் ஏறிய பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த மருந்தின் பூர்வீகம் என்ன தெரியுமா? களையைக் கொல்லும் விஷம்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாட்டுச் சாணத்தையும் களிமண்ணையும் குழைத்துச் சுரண்டிய பட்டையில் பூசிப் பார்த்தார்கள். 1950 வாக்கில் இந்தோசீனாவில் மயில்துத்தத்தை மரத்துக்குள்ளேயே செலுத்தினார்கள், பால் கூடியது. அதே காலத்தில் மலாயாவில் ‘டூ ஃபோர் டி’ என்ற களைக்கொல்லியையும் அதன் பங்காளியான இன்னொன்றையும் பனையெண்ணெயில் கலந்து பட்டையில் தடவினார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு போதும், பால் பெருகிற்று. பிற்பாடு வியட்நாம் போரில் அமெரிக்க விமானங்கள் காடுகளை மொட்டையாக்கத் தெளித்தது இவ்விரண்டும் சரிபாதி சேர்ந்த கலவையைத்தான். ஒரே சரக்கு, அங்கே காட்டை அழித்தது, இங்கே மங்கை நிரப்பியது.

இது எப்படி நடக்கிறது? கத்தி பட்டதும் மரம் பால் வடிக்கிறது. சற்று நேரத்தில் பால்குழாய்களின் வாயில் பால் தானே உறைந்து அடைத்துவிடும். அது மரத்தின் தற்காப்பு. பட்டையில் சிறிது நஞ்சு பட்டால், தனக்கு ஊறு வந்ததென்று மரம் எத்திலீன் என்னும் வாயுவை உண்டாக்கும். அந்த வாயு இருக்கும்வரை அடைப்பு விழத் தாமதமாகும். ஊரில் வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பார்களே, அந்தப் புகையிலும் இருப்பது இதே எத்திலீன்தான்.

இந்த வாயுவை நேரடியாகவே கொடுக்கும் எத்திஃபோன் 1960களின் கடைசியில் வந்தது. 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் அதைச் சோதித்து, எந்த மரத்துக்கு எவ்வளவு என்று வகுத்தார்கள். அவர்களுடைய சுங்கை பூலோ சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் இப்போது குவாசா டமான்சாரா நகரம் எழுந்து வருகிறது. 2016 முதல் அந்தப் பெயரில் ரயில் நிலையமும் உண்டு.

இளமரத்துக்கு நூற்றுக்கு இரண்டரைப் பங்கு, கிழமரத்துக்குப் பத்துப் பங்கு வரை என்று கணக்கு. ஆனால் ‘இன்னும் கொஞ்சம் தடவினால் இன்னும் கொஞ்சம் பால்’ என்று நினைப்பவர்கள் எந்தக் காட்டில்தான் இல்லை? அடிக்கடி தடவி, ஓயாமல் வெட்டினால் பட்டை காய்ந்துவிடும். பிறகு கத்தி வைத்தாலும் சொட்டுப் பால் வராது.

1888இல் ஜெர்மனியில் ஹியூகோ ஷுல்ஸ் என்பவர் ஈஸ்டைக் கொல்லக்கூடிய மருந்துகளை மிகச் சிறிதளவு ஈஸ்டில் சேர்த்தபோது, அது சாகாமல் முன்னிலும் சுறுசுறுப்பாக நொதித்தது. 1943இல் சவுத்தம், எர்லிக் என்ற இரு அமெரிக்கர்கள் தேவதாரு வகை மரச்சாற்றில் பூஞ்சைகளை வளர்த்து இதே புதுமையைக் கண்டு, அதற்கு ‘ஹோர்மெசிஸ்’ என்று பெயரிட்டார்கள். தூண்டிவிடுதல் என்பது பொருள்.

ஈஸ்டுக்கு அது நன்மைதான். பால்மரத்துக்கு நன்மையா என்றால், எனக்கு ஐயமுண்டு. பாலை அதிகமாக இழக்கும் மரம் பருமனில் தளர்கிறது. லாபம் மங்குக்கு, செலவு மரத்துக்கு!

மனிதர் சங்கதி இன்னும் வேறு. சம்சு குடிப்பவர் ‘கொஞ்சம் குடித்தால் உடம்புக்கு நல்லது’ என்பார். மெத்தனால் கலந்த சரக்கில் அந்த நியாயம் எடுபடாது. கொஞ்சமே கண்ணைப் பறிக்கும். முதுகில் பம்பைச் சுமந்து புல் மருந்து அடித்த நம் பெண்களுக்கும் நாள்தோறும் சிறிதளவு நஞ்சு கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அதனால் யாருக்கும் பலம் கூடவில்லை. பராகுவாட் பட்டு நகம் கருத்துக் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது. தோலில் உள்ள சிறு புண் வழியாகவும் அது உடம்பில் இறங்கும். ஒரு வாய் விழுங்கினாலே நுரையீரல் கெட்டுப்போகும், முறிவு மருந்தும் கிடையாது. கோலாலம்பூரின் தெனாகானித்தா அமைப்பு 2002இல் தோட்டப் பெண்களின் இந்தத் துன்பத்தைப் பதிவு செய்து வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது.

பழைய மருந்து டின் ஏதாவது வீட்டுப் பின்புறம் கிடந்தால், கழுவிவிட்டோமே என்று அதில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்காதீர்கள்.