ராஜா தலைக் காசு

கோலார் தங்கவயலில் ஒரு லைன் வீடு. அந்த வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய மாமனார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் கொண்டு வந்த கூலியில் மாமியார் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்தார். அந்தக் காசுகள் இன்றும் ஒரு சுருக்குப் பையில் இருக்கின்றன. சுரங்கம் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது. பை மட்டும் பெட்டியிலேயே இருந்தது.

பேரனுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். பழைய வெள்ளி வாங்குகிறவர் தெருவில் வந்தார். பாட்டி அவரைக் கூப்பிட்டார். பையை அவிழ்த்துத் திண்ணையில் கொட்டினார்.

"எல்லாம் தேஞ்சு போன காசும்மா. மொத்தமா ஒரு விலை போட்டுத் தர்றேன்" என்றார் அவர்.

மருமகள் உள்ளேயிருந்து வந்தார். எழுத்தறிவு வகுப்பில் எழுத்தும் எண்ணும் கற்றுக்கொண்டவர் அவர்.

"இருங்கண்ணா. எந்தக் காசு எந்த வருஷம்னு பார்த்துட்டுச் சொல்றோம்" என்றார்.

"வருஷத்தைப் பார்த்து என்ன ஆகப் போகுது? வெள்ளி வெள்ளிதானே?"

அது சரியா? வருஷத்தைப் பார்த்தால் என்ன தெரியும்? வாருங்கள், நாமும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம்.

காசில் யார் இருக்கிறார்?

வெள்ளைக்காரர் ஆட்சியில் ஒவ்வொரு மாகாணத்திலும் வேறு வேறு காசு இருந்தது. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சட்டம் போட்டது. அதன்படி, கம்பெனி ஆண்ட பகுதி எங்கும் ஒரே ரூபாய் வந்தது. ஒரு ரூபாயின் எடை ஒரு தோலா. அதாவது 11.66 கிராம். அதில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. ஒரு பங்கு செம்பு.

அப்போது கணக்கும் வேறு. 12 தம்பிடி ஓர் அணா. நாலு காலணாவும் ஓர் அணா. 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் முதல் தேதிதான் ஒரு ரூபாய்க்கு 100 காசு என்ற கணக்கு வந்தது.

ரூபாயின் ஒரு பக்கத்தில் ராஜா அல்லது ராணியின் தலை இருக்கும். 1835 ரூபாயில் நான்காம் வில்லியம் ராஜா. 1840 ரூபாயில் விக்டோரியா ராணி. இந்த இரண்டிலும் மறுபக்கத்தில் கம்பெனியின் பெயர் இருக்கும். 1858-இல் கம்பெனி ஆட்சி போய், ராணியின் ஆட்சி வந்தது. 1862 முதல் ரூபாயில் கம்பெனி பெயர் இல்லை. 'இந்தியா' என்று இருக்கும். 1877 முதல் விக்டோரியாவின் பெயருக்குப் பக்கத்தில் 'குயீன்' என்பது போய், 'எம்பரஸ்' என்று வந்தது. ராணி பேரரசி ஆகிவிட்டார்!

விக்டோரியா 1901-இல் இறந்தார். அடுத்து அவர் மகன் ஏழாம் எட்வர்டு. இவருடைய ரூபாய் 1903 முதல் 1910 வரை. தலையில் கிரீடம் இருக்காது. வழுக்கைத் தலையும் தாடியும் தெரியும். 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ். இவருக்குக் கிரீடமும் தாடியும் உண்டு. கடைசியில் ஆறாம் ஜார்ஜ். கிரீடம் உண்டு, தாடி இல்லை. இவர் தலை போட்ட ரூபாய் 1938 முதல் 1947 வரை.

ஆண்டு ஆங்கில எண்ணில் இருக்கும். அது நமக்குத் தெரிந்த எண்தான். ராஜாவும் ஆண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். எட்வர்டு தலையும் 1920 என்ற ஆண்டும் ஒரே காசில் இருந்தால், அதைத் தள்ளி வையுங்கள்.

ஒரே அச்சு, பாதி வெள்ளி

இப்போது அந்த வியாபாரி சொன்ன பேச்சுக்கு வருவோம். வெள்ளி வெள்ளிதான் என்றாரே, அது சரியில்லை.

இரண்டாம் உலகப் போர் 1939-இல் தொடங்கியது. வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை அதே 11.66 கிராம்தான். பார்ப்பதற்கும் பழைய ரூபாய் போலத்தான் இருக்கும். ஆனால் விளிம்பைப் பாருங்கள். பழைய ரூபாயில் விளிம்பு முழுவதும் வரி வரியாக இருக்கும். போர்க்கால ரூபாயில் அந்த வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும். கள்ள நாணயம் செய்கிறவர்களைத் தடுக்க அப்படிச் செய்தார்கள்.

1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது. முழுக்க நிக்கல். மறுபக்கத்தில் ஒரு புலி நடந்து போகும். காந்தத்தை அருகில் வைத்தால் இந்த ரூபாய் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ரூபாய் ஒட்டாது.

ஆகவே 1918 ரூபாயையும் 1944 ரூபாயையும் ஒரே விலைக்கு விற்றால் நமக்கு நஷ்டம். ஒரே விலைக்கு வாங்கினாலும் நஷ்டம்தான். அந்த நாலு எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

பழையது எல்லாம் அதிக விலையா?

இல்லை. இங்கேதான் புதிதாகச் சேர்க்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். எத்தனை வயது என்பதைவிட, எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

1918 ரூபாயையே பாருங்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அது முதல் உலகப் போர்க் காலம். ரூபாய் ஏராளமாகத் தேவைப்பட்டது. வெள்ளி போதவில்லை. அமெரிக்கா 1918-இல் தனிச் சட்டம் போட்டது. தன் கஜானாவில் இருந்த 25 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அந்த வெள்ளியை இந்திய ரூபாய்க்காக விற்றது. கோடி கோடியாக ரூபாய் அடித்தார்கள். அதனால்தான் 1918, 1919 ரூபாய் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. சாதாரணமாக அதற்கு வெள்ளி விலையைவிடக் கொஞ்சம்தான் கூடக் கிடைக்கும்.

ஓட்டைக் காலணாவும் அப்படித்தான். 1943 முதல் 1947 வரை வந்தது. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் ஓட்டை போட்டார்கள். 'ஓட்டைக் காலணா பெறமாட்டான்' என்று திட்டுவார்களே, அந்தக் காலணாதான். சேர்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு மிக நல்ல காசு. மலிவு. போலி செய்து யாருக்கும் லாபம் இல்லை.

மாறாக, 1939 ரூபாய் வயதில் இளையது. ஆனால் கிடைப்பது அரிது. விலையும் அதிகம். அதனாலேயே வேறு ஆண்டு ரூபாயில் எண்ணைச் சுரண்டி 1939 ஆக்குகிறவர்களும் உண்டு. கடைசி எண்ணை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சுற்றிலும் கீறல் இருக்கிறதா? மற்ற எண்களைவிட அது உயரமாகவோ சாய்ந்தோ இருக்கிறதா?

1911 ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் ஒரு யானை உருவம் இருந்தது. அதன் தும்பிக்கை சின்னதாகப் போய்விட்டது. பார்த்தவர்களுக்கு அது பன்றி போலத் தெரிந்தது. ஊரெல்லாம் முணுமுணுப்பு. அரசாங்கம் அந்த ரூபாயைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912-இல் நல்ல தும்பிக்கை வைத்து வேறு அச்சு அடித்தார்கள். உருக்கியது போக மிஞ்சிய 'பன்றி ரூபாய்'க்கு இன்றும் தேடுகிறவர்கள் உண்டு.

இந்தக் கதையைக் கேட்டதும் பேரன் ஓடி வந்தான். பாட்டியின் பையில் ஒரு காசை எடுத்துத் துடிப்போடு பார்த்தான். 1912. யானை நன்றாகவே இருந்தது.

அச்சடித்த இடத்தையும் காசு சொல்லும். பம்பாயில் அடித்த பல காசுகளில் சின்னப் புள்ளி அல்லது சாய்சதுரம் இருக்கும். கல்கத்தா காசில் பெரும்பாலும் குறி இராது. 1943 முதல் 1945 வரை லாகூரில் அடித்ததில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். ஒரே ஆண்டு, ஒரே ராஜா. ஆனால் ஓர் ஊரில் அதிகம் அடித்திருப்பார்கள், இன்னோர் ஊரில் குறைவாக அடித்திருப்பார்கள். விலை மாறும்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பாட்டி ஒரு தப்புச் செய்யப் போனார். "கறுத்துக் கிடக்குது. புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும். நல்ல விலை கிடைக்கும்" என்றார். பாத்திரத்துக்கு அது சரி. காசுக்குச் சரியில்லை.

காசு சேர்க்கிறவர்கள் கறுப்பை விரும்புகிறார்கள். பல வருஷக் காற்றுப் பட்டு வந்த நிறம் அது. புளி, சாம்பல், பல்பொடி எதைப் போட்டுத் தேய்த்தாலும் மேல்தோல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். விலை இறங்கும். தொட்டால் விளிம்பில் மட்டும் பிடியுங்கள். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். மட்டமான பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாளானால் அது பிசுபிசுத்துக் காசில் பச்சை பிடிக்கும்.

காசின் தரத்தைத் தலைமுடியில் பார்க்கலாம். விக்டோரியாவின் முடி இழை இழையாகத் தெரிந்தால் நல்ல காசு. மொழுமொழு என்று இருந்தால் தேய்ந்த காசு. கழுத்தில் போட வளையம் பற்றவைத்த காசுக்கு மதிப்புக் குறைவு. வளையத்தை எடுத்தாலும் பற்றுத் தழும்பு போகாது.

போலியைக் கண்டுபிடிக்க முதல் வழி தராசு. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தேய்ந்த ரூபாய் 11.66 கிராமுக்குக் கொஞ்சம் குறையலாம். ஒரு கிராம், இரண்டு கிராம் குறைந்தால் சந்தேகப்படுங்கள். அச்சில் ஊற்றிச் செய்த போலியில் ஊசி குத்தியது போலக் குழிகள் இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடு தெரியும்.

அனுமார் காசு

பாட்டியின் பையில் மஞ்சள் நிறத்தில் ஒரு காசு இருந்தது. ஒரு பக்கம் அனுமார். மறுபக்கம் கம்பெனி பெயர், அரை அணா, 1818. இதற்குப் பல லட்சம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

அப்படி ஒரு காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. 1616, 1717, 1818, 1839 என்று ஆண்டு போட்டு, ராமர், அனுமார் உருவம் வைத்த 'அணா'க்கள் எல்லாம் பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்தவை. பூஜை அறையில் வைக்கலாம். விலை பேச முடியாது.

அதற்காக, கம்பெனிக் காசில் சாமியே கிடையாது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1808 வாக்கில் சென்னையில் கம்பெனி அடித்த வெள்ளி கால் பகோடாவில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. அதில் தமிழும் தெலுங்கும் எழுதியிருக்கும். ஆனால் 1907-இல் வந்த நெளிவு விளிம்பு ஓரணாவில் இந்தி, வங்காளம், தெலுங்கு, உருது இருக்கின்றன. தமிழைக் காணோம்!

பாட்டியின் சங்கிலியில் இருந்த ஒரு தங்கக் காசு எப்போதோ அடகில் போய்விட்டது. அது இங்கிலாந்துக் காசு. பெயர் சவரன். நாம் நகைக்கடையில் சொல்லும் 'சவரன்' இந்தக் காசின் பெயர்தான். எடை 7.99 கிராம். 22 காரட். ஒருவர் குதிரை மேல் இருந்து பாம்பு போன்ற விலங்கைக் கொல்வார். 1918-இல் மட்டும் இதைப் பம்பாயிலும் அடித்தார்கள். அதில் 'ஐ' என்ற சின்ன ஆங்கில எழுத்து இருக்கும்.

செல்போனில் வரும் ஆசை

'இந்தக் காசு இருந்தால் 10 லட்சம் தருகிறோம்' என்று செல்போனில் படம் வரும். நம்பிக் கூப்பிட்டால் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். பிறகு பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்வார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் மாதம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று சொன்னது. காசை வாங்குகிறவர்தான் நமக்குப் பணம் தர வேண்டும். நம்மிடம் பணம் கேட்கிறவர் காசு வாங்க வந்தவர் இல்லை.

இன்னொன்று. வீடு கட்டத் தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால், அதைப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

வியாபாரி அன்று வெறுங்கையோடு போனார். மருமகள் ஒரு நோட்டில் ஒவ்வொரு காசின் ஆண்டையும் ராஜாவையும் எழுதினார். மறுநாள் நகைக்கடையில் எடை போட்டார். மூன்று கடைகளில் விலை கேட்டார். 1918, 1919 ரூபாய்களை நல்ல வெள்ளி விலைக்கும், 1944 ரூபாயைப் பாதி வெள்ளி விலைக்கும் விற்றார். அது கட்டணத்தில் ஒரு பகுதிக்கு ஆயிற்று. மீதிக்குக் கடன்தான். 1912 ரூபாயைப் பேரன் எடுத்து உறையில் போட்டுக்கொண்டான். ஓட்டைக் காலணா இரண்டையும் பாட்டி யாருக்கும் தரவில்லை. நூலில் கோத்துச் சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.