பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினும் அதன் மூச்சுக் குழாயும்

பழைய மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருப்பது இயல்பே என்னும் எண்ணம் நம் நாட்டில் ஆழ வேரூன்றியுள்ளது. கறை பெருகும்போது எஞ்சின் தேய்ந்துவிட்டது என முடிவு செய்து, சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் பொருத்துகின்றனர். அவ்வாறு பெருஞ் செலவு செய்த பின்னரும் கறை நீங்காததுண்டு. ஏனெனில், குற்றம் சில வேளைகளில் சிலிண்டரில் இல்லை. மிகக் குறைந்த விலையுள்ள ஒரு ரப்பர் வால்வில் இருக்கிறது.

என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட 350 புல்லட் எஞ்சின் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை நீடித்தது. இதன் ஒற்றைப் பிஸ்டன் ஒரு முறை கீழிறங்கும்போது 346 கன செ.மீ. இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த அளவு காற்று, கீழேயுள்ள கிராங்க் பெட்டியில் நெருக்குண்கிறது. பிஸ்டன் மேலேறும்போது மீண்டும் விரிகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று எனக் கொண்டால் விநாடிக்கு 50 முறை. அதாவது 17 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று விநாடிதோறும் முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. இதனுடன், பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் எரிவாயுவும் பெட்டியில் சேர்கிறது. இவற்றுக்கு வழிவிடுவதே மூச்சுக் குழாய். பட்டறைகளில் இதனைப் பிரீதர் என்பர்.

பெயர் மூச்சுக் குழாயாயினும் இதன் வேலை மூச்சை விடுவதே, இழுப்பதன்று. புல்லட்டில் இதற்கென வாத்தின் அலகுபோல் தட்டையான வாயுடைய ரப்பர் குழலொன்று உண்டு. உள்ளிருந்து அழுத்தம் வந்தால் அதன் வாய் திறக்கும். வெளிக்காற்று நுழைய முற்பட்டால் மூடிக்கொள்ளும். எஞ்சின் சில சுற்றுகள் சுற்றியதும் பெட்டியின் சராசரி அழுத்தம் வெளிக்காற்றினும் குறைகிறது. அதன்பின் வெளியேறுவது பெரும்பாலும் கசிந்த வாயு மட்டுமே. எண்ணெயும் இணைப்புகளின் வழியே பிதுங்காது. ரப்பர் இறுகி வெடித்துவிட்டால் நிலைமை மாறுகிறது. அந்தக் காற்று முழுவதும் உள்ளும் புறமும் அலைந்து, எண்ணெய்த் துளிகளை வெளியே சுமந்து செல்கிறது. புழுதியையும் ஈரத்தையும் உள்ளே கொணர்கிறது. குழாய் அடைபட்டாலோ, அழுத்தம் ஆயில் சீல்களையும் கேஸ்கெட்டுகளையும் தேடிச் செல்கிறது.

பிஸ்டன்கள் இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும் பிரிட்டிஷ் டிரையம்ஃப் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளிலும் இதே தொல்லைதான். முந்தைய வகைகளில் கேம்ஷாஃப்டால் சுழலும் வட்டு வால்வொன்றைக் கொண்டு இதனைச் சமாளித்தனர். ராஜ்தூத், எஸ்டி போன்ற இரு வீச்சு எஞ்சின்களில் கிராங்க் பெட்டியே எரிபொருட் கலவையை அழுத்தித் தரும் பம்பாதலால் இப்பிரச்சினையே எழவில்லை. அவ்வண்டிகளில் கைபழகியவர்களுக்கு மூச்சுக் குழாயின் நினைவு வராமற்போவது வியப்பன்று.

மற்றொரு சங்கதி நீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் ஒரு பகுதி கசிந்து கீழே வருகிறது. கடைத்தெரு வரை சென்று திரும்பும் வண்டியில் எஞ்சின் போதிய அளவு சூடேறுவதில்லை. நீர் எண்ணெயோடு கலந்து வெண்ணிறக் களிம்பாகிறது. அது தாங்கிகளை அரிக்கும். மூச்சுக் குழாயையும் அடைக்கும்.

சோதனை எளிது. வால்வைக் கழற்றி, துடைத்து, வாயால் ஊதிப் பார்க்கலாம்; ஒரு பக்கம் மட்டுமே காற்றுச் செல்ல வேண்டும். புதிய வால்வு கிராங்க் பெட்டிக்கு அருகில் இருத்தல் நலம். குழாய் அகலமாக இருக்கட்டும். இடையில் தொய்ந்து வளைந்தால் அங்கே நீரும் எண்ணெயும் தேங்கி வழியை மறிக்கும். கார்களின் பிரேக் பூஸ்டரில் உள்ள ஒருவழி வால்வைப் பொருத்துவோரும் உண்டு. மெல்லிய அழுத்தத்துக்கே திறப்பதாயின் அது பயன்படும், இறுக்கமானதாயின் பயனில்லை. இவ்வளவுக்குப் பின்னும் புகையும் எண்ணெயும் குறையாவிடில் கம்ப்ரஷனை அளந்து பார்க்க வேண்டும். வளையங்கள் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் எந்த வால்வும் ஈடுசெய்யாது. ஆனால் இந்த வரிசை முக்கியம்: முதலில் வால்வு, பிறகே சிலிண்டர்.

வெளியேறும் வாயு எங்கே செல்கிறது என்பது உரிமையாளரின் பணப்பையைத் தாண்டிய கேள்வி. முற்காலத்தில் குழாயின் முனையைப் பின்சக்கரச் சங்கிலியை நோக்கித் திருப்பிவிட்டனர். சங்கிலிக்கு எண்ணெய் கிடைத்தது, மீதி சாலைக்குப் போயிற்று. எரியாத பெட்ரோல் ஆவியும் இதில் அடங்கும். உரிமையாளர் தராத விலையைத் தெருவில் நடப்பவர் தந்தார். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1961 முதலே புதிய கார்களில் இவ்வாயு மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தப்பட்டது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளின்படி, புதிய இரு சக்கர வண்டிகளில் இதனை வெளியில் விட இடமில்லை.

பழைய புல்லட்டிலும் குழாயைக் காற்று வடிகட்டியோடு இணைக்கலாம். நேரடியாக இணைத்தால் வடிகட்டி எண்ணெயில் ஊறிவிடும். ஆகவே இடையில் சிறு சேகரிப்புக் கலம் தேவை. அதில் தேங்கும் நீர் கலந்த எண்ணெயை எஞ்சினில் திரும்ப ஊற்றலாகாது. சாக்கடையில் கொட்டவும் கூடாது. பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் அபாயகரமான கழிவாகும். எண்ணெய் மாற்றும்போது வடிப்பதோடு சேர்த்து அதனையும் பட்டறையின் கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் ஒப்படைக்க வேண்டும்.