எப்போது எடுக்கலாம்?

டேசர் என்கிற மின்னதிர்ச்சித் துப்பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் கேட்பது ஒன்றுதான்: "குண்டு பாய்வதைவிட இது தேவலாம் இல்லையா?" நியாயமான கேள்வி. டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கருவி. விசையை இழுத்தால் இரண்டு சிறு முட்கள் பறந்துபோய் ஆளின் உடையிலோ தோலிலோ குத்திக்கொள்ளும். அவற்றின் பின்னால் மெல்லிய கம்பிகள் துப்பாக்கி வரை நீளும். ஒருமுறை இழுத்தால் ஐந்து விநாடி மின்துடிப்புகள் பாயும். தசைகள் இறுகும், ஆள் சாய்ந்துவிடுவார். இதில் 50,000 வோல்ட் என்றதும் நமக்குப் பதறுகிறது. வோல்ட் என்பது மேல்நிலைத் தொட்டியின் உயரம் மாதிரி; குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது வேறு கணக்கு. டேசரில் உடலுக்குள் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு. அதனால்தான் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் எழுந்துவிடுகிறார்கள்.

ராபர்ட் ஜெகான்ஸ்கி எழவில்லை. போலந்துக்காரர், வயது 40. கனடாவில் இருந்த தாயுடன் வாழ, 2007 அக்டோபர் 13 அன்று வான்கூவர் விமான நிலையத்தில் இறங்கினார். ஆங்கிலம் தெரியாது. வெளியே காத்திருந்த தாய்க்கும் உள்ளே இருந்த மகனுக்கும் நடுவே தகவல் கொண்டுபோக ஆளில்லை. சுமார் பத்து மணி நேரம் உள்ளேயே அலைந்தார். களைத்து, குழம்பி, ஒரு கணினியையும் சிறு மேசையையும் தூக்கிப் போட்டார். நள்ளிரவுக்குப் பின் நான்கு காவலர்கள் வந்தார்கள். வந்த அரை நிமிடத்துக்குள் டேசர் பாய்ந்தது; மொத்தம் ஐந்து முறை. அப்போது அவர் கையில் இருந்தது ஒரு ஸ்டேப்ளர். அங்கேயே உயிர் பிரிந்தது.

பயணி ஒருவர் எடுத்த வீடியோ வெளிவந்தபோது, காவல்துறை சொன்ன கதையும் படமும் ஒத்துப்போகவில்லை. மக்கள் கொதித்தார்கள். வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அவர் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். கருவி பாதுகாப்பானதா என்பது ஒன்று, அந்த இரவில் நடந்தது என்ன என்பது மற்றொன்று.

2009-ல் வந்த முதல் அறிக்கை இரண்டு பக்கமும் பேசியது. டேசர் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கக்கூடும் என்றது. ஆனாலும் தகுந்த கட்டுப்பாட்டோடு அது இருப்பதே சமூகத்துக்கு நல்லது என்றும் சொன்னது. தயாரிப்பு நிறுவனம் இதை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றது.

அறிக்கையின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. குண்டுக்குப் பதில் டேசர் என்று சொல்லித்தான் எங்கும் இதை வாங்குகிறார்கள். நடைமுறையில், கைத்துப்பாக்கியை எடுக்க யாருக்கும் தோன்றாத இடங்களில்கூட டேசர் வெளியே வந்தது. சொன்னபடி கேட்காமல் திமிறினால் போதும் என்றிருந்தது. அப்படிப் பார்த்தால் டேசரை ஒப்பிட வேண்டியது குண்டோடு அல்ல, பொறுமையான பேச்சோடு. பிரெய்ட்வுட் டேசரை எடுப்பதற்கான வரம்பை உயர்த்தச் சொன்னார்: ஒருவர் உடற்காயம் விளைவிக்கும்போது அல்லது விளைவிக்கப்போகும்போது மட்டும்தான் எடுக்கலாம், அதற்கு முன் பேசித் தணிக்க முயல வேண்டும், கருவிகளை முறையாகச் சோதிக்க வேண்டும். அரசு பரிந்துரைகளை ஏற்றது. அந்த மாகாணத்தில் டேசர் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது.

2010-ல் வந்த இரண்டாம் அறிக்கை, ஜெகான்ஸ்கி மீது டேசரைப் பயன்படுத்தியதற்கு நியாயமில்லை என்றது. காவலர்களின் விளக்கத்தையும் நம்பவில்லை. விசாரணையில் பொய்ச் சாட்சி சொன்னதாக நால்வர் மீதும் வழக்கு வந்தது, இருவர் தண்டனை பெற்றார்கள்.

இந்த விதிகள் எதுவும் புதிய விஞ்ஞானம் அல்ல. கருவியை வாங்கிய அன்றே எழுதியிருக்க முடியும். எந்த ஊர்க் காவல்துறை இதை வாங்க நினைத்தாலும், விலையைப் பேசுவதற்கு முன் வரம்பைப் பேச வேண்டும். அந்த வரம்பை வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளாமல், மக்கள் முன்னிலையில் முடிவு செய்ய வேண்டும்.