மதிலின் மேல் ஒரு நடை

பிரான்சின் வடமேற்கில், பிரித்தானிக் கடற்கரையில் இருக்கும் துறைமுக நகரம் செயின்ட் மாலோ. அதன் பழைய நகரைச் சுற்றிக் கருங்கல் மதில் உண்டு. மதிலின் மேலேயே நகரை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். தூரம் இரண்டு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டே நான் நடந்தேன். கல்விச் சுற்றுலாவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் நமக்கு, ஓர் ஊரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த நடை நல்ல எடுத்துக்காட்டு.

கடல் நடத்தும் பாடம்

மேற்கு மதிலில் நின்றால் கிராண்ட் பே என்ற சிறு தீவு தெரியும். எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. கடல் வற்றும்போது மணலில் நடந்தே அங்குப் போய்விடலாம். ஓதம் ஏறிவிட்டால் பாதை மூழ்கிவிடும். அடுத்த இறக்கம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களின்போது இங்கு உயர் மட்டத்துக்கும் தாழ் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு 12 மீட்டரைத் தாண்டும். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம் அது! சென்னைக் கரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். நிலவு ஒன்றே என்றாலும், கரையின் வடிவம் ஒன்றல்ல. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஓத அலை ஆழம் குறைந்த விரிகுடாவுக்குள் நெருக்கப்பட்டு உயர்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பயன்படுத்தியே, அருகில் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 1966-இல் 240 மெகாவாட் ஓத மின் நிலையம் அமைக்கப்பட்டது. உலகின் முதல் பெரிய ஓத மின் நிலையம் அதுவே.

பழமையின் வயது என்ன?

மதிலிலிருந்து உட்பக்கம் திரும்பினால் உயர்ந்த கருங்கல் வீடுகள், செங்குத்தான கூரைகள், நீண்ட புகைபோக்கிகள். பார்ப்பவர் எல்லாம் முந்நூறு ஆண்டுப் பழமை என்றே எண்ணுவார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரில், 1944 ஆகஸ்டில், குண்டுவீச்சிலும் தீயிலும் மதிலுக்குள் இருந்த நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தது. இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி போருக்குப் பின், பழைய தோற்றத்தைத் தழுவி மீண்டும் கட்டப்பட்டது. மதில் மட்டும் பெரும்பாலும் தப்பியது. கூர்ந்து பார்த்தால் பல வீடுகளில் சன்னல் வரிசைகள் ஒரே சீராக இருப்பதைக் காணலாம். தோற்றம் மட்டுமே சான்றாகாது என்பதை மாணவருக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான தெரு கிடைப்பது அரிது.

சிலைக்கு இரு பக்கம்

மதிலை ஒட்டிய தோட்டத்தில், கடலை நோக்கிக் கை நீட்டி நிற்கிறது ராபர்ட் சுர்கூஃபின் சிலை. எதிரி நாட்டுக் கப்பல்களைப் பிடிக்க அரசிடம் அனுமதி பெற்ற கப்பல் தலைவர் அவர். 1800-இல் வங்காள விரிகுடாவில் கென்ட் என்ற ஆங்கிலக் கம்பெனிக் கப்பலைப் பிடித்தார். பிறந்த ஊரில் வீரர். கப்பலைப் பறிகொடுத்தவர்களுக்குக் கொள்ளையர். அவர் அடிமை வணிகத்திலும் ஈடுபட்டவர் என்பதைச் சிலை சொல்வதில்லை.

நம் பாடநூலில் வரும் இன்னொருவரும் இந்த ஊர்க்காரர்தான். 1746-இல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றிய லா பூர்தொனே 1699-இல் இங்கே பிறந்தார். பணம் பெற்றுக்கொண்டு கோட்டையை ஆங்கிலேயரிடம் திருப்பித் தர அவர் உடன்பட, புதுச்சேரி ஆளுநர் டூப்ளே அதை எதிர்த்தார். பிறகு பிரான்சில் அவர் சிறையில் அடைக்கப்பட்டு, விசாரணையில் விடுவிக்கப்பட்டார். அந்த நாள்களைப் புதுச்சேரியிலிருந்து தமிழில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. முதலாம் கர்நாடகப் போரை நடத்தும்போது அந்த நாட்குறிப்பின் சில பக்கங்களை வகுப்புக்குக் கொண்டு செல்லலாம். கோட்டையைப் பிடித்தவர் கதையோடு, பக்கத்தில் இருந்து பார்த்தவர் குரலும் மாணவர் காதில் விழும்.

மூன்று கேள்விகள்

அடுத்த களப்பயணத்தில் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள மாணவருக்கு மூன்று கேள்விகள் போதும்:

1. இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் அமைந்தது?
2. இந்தக் கட்டடம் உண்மையில் எப்போது கட்டப்பட்டது? அதற்குச் சான்று என்ன?
3. இங்கே போற்றப்படுபவரை எதிர்ப்பக்கத்தில் நின்றவர் எப்படிப் பார்த்திருப்பார்?

முதல் கேள்வி புவியியல், இரண்டாவது சான்று, மூன்றாவது நியாயம். மூன்றுக்கும் விடை தேடும் மாணவர் எந்த ஊருக்குப் போனாலும் வெறும் ஒளிப்படத்தோடு திரும்பமாட்டார்.