பத்தாவின் கால்கள்

ரியாத்தில் வேலை பார்த்த தமிழர் மஸ்மக் கோட்டையைப் பார்த்தாரோ இல்லையோ, பத்தாவுக்குப் போகாமல் இருந்திருக்க மாட்டார். பழைய மதில் நகரத்துக்குக் கிழக்கே மழைவெள்ளம் ஓடிய பள்ளம் பின்னாளில் பத்தா சாலையானது. அதன் இரு பக்கமும் கேரளா மார்க்கெட், பெங்காலி மார்க்கெட், யேமன் மார்க்கெட், பிலிப்பினோ மார்க்கெட் என்று ஆளுக்கொரு மூலையாக எழுந்தன. அங்கே திரண்ட வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும், குரலைப் பதிந்து ஊருக்கு அனுப்பிய கேசட்டுகளைப் பற்றியும் நிறையப் பேர் எழுதியாயிற்று. அந்தக் கூட்டத்தைச் சுமந்து நின்ற கால்களைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. நாற்பது வருடத்தில் பத்தாவில் மாறியவற்றுள் எனக்குப் பெரிதாகப் படுபவை அவைதான்.

தொண்ணூறுகளில் பத்தாவுக்கு வந்து போவதே ஒரு நாள் உழைப்பு. கோஸ்டர் மினி பஸ்ஸுக்கு இரண்டு ரியால். மன்ஃபூஹா, ஹாரா, மலஸ் பக்கம் தங்கியவர்கள் அந்த இரண்டு ரியாலை மிச்சம் பிடிக்க நடந்தே வருவார்கள். அன்றைய கணக்கில் அது கிட்டத்தட்ட இருபது ரூபாய். ஊரில் ஒரு வீட்டின் ஒரு நாள் காய்கறிச் செலவு. வந்து சேர்ந்ததும் பணம் அனுப்ப பேங்கில் வரிசை. டிராஃப்டை வாங்கிக் கவரில் போட்டுத் தபாலில் சேர்க்க இன்னொரு வரிசை. ஊருக்குப் பேச டெலிபோன் கேபினில் மற்றொரு வரிசை. தொழுகை நேரத்தில் ஷட்டர் விழுந்தால் கடை வாசலிலேயே காத்து நிற்க வேண்டும். பிறகு மீன், முருங்கைக்காய், மாத மளிகை எல்லாவற்றையும் இரண்டு கையிலும் தொங்கவிட்டுக்கொண்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி ஏற வேண்டும்.

அந்த நடையை ஆரோக்கியம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அது காசில்லாதவனின் நடை. வார நாட்களில் அதே கால்கள் கான்கிரீட் சட்டி தூக்கி, சாரத்தில் ஏறி, கொதிக்கும் தாரில் நின்றவை. முதுகும் முட்டியும் தேய்ந்து ஊர் திரும்பியவர்கள் ராமநாதபுரம், தென்காசி, தஞ்சாவூர் பக்கம் எத்தனையோ பேர். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. சாப்பிட்டதைச் செரிக்கச் செய்யும் வேலையை அந்தக் கால்கள் செய்தன. அதற்கென்று யாரும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு அந்த வரிசைகள் ஒவ்வொன்றாகக் கரைந்துவிட்டன. 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகளுக்கு இருந்த தடையை சவூதி அரசு நீக்கியது. கட்டிலில் படுத்தபடியே பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்றானபின் டெலிபோன் கேபினுக்கு யார் போவார்கள்? சம்பளம் போனுக்கு வருகிறது, போனிலிருந்தே ஊருக்குப் போகிறது. சாப்பாடு மாடிப்படிக்கே வருகிறது. தொழுகை நேரத்தில் கடை அடைக்கும் கட்டாயமும் 2021-ல் தளர்ந்தது. 2024 டிசம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதன் நீலப் பாதைக்கே ஒலயா-பத்தா என்றுதான் பெயர். நான்கு ரியால் டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் குளிரூட்டிய பெட்டியில் போகலாம். வெயிலில் நடந்தவர்களுக்கு இதெல்லாம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. இதில் ஒன்றைக்கூடத் திரும்பக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வேலையும் உட்கார்ந்துவிட்டது. கேமரா திரைகளுக்கு முன்னால் பன்னிரண்டு மணி நேர டூட்டி பார்க்கும் செக்யூரிட்டி, பகாலா என்னும் மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர், அலுவலகத்தில் பில் போடுபவர், பள்ளிக்கூட வாசலிலும் மால் வாசலிலும் வண்டிக்குள்ளேயே காத்திருக்கும் ஹவுஸ் டிரைவர் எல்லோருக்கும் ஒரே நிலைதான். குடும்பத்தோடு இருந்தவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பூங்காவுக்குக் கூட்டிப் போகவுமாவது கொஞ்சம் நடந்தார்கள். 2017 ஜூலையில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் அரசுக் கட்டணம் வந்தது. அது ஆண்டுதோறும் ஏறி 2020-ல் 400 ஆனது. தாங்க முடியாமல் பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஐம்பது வயதில் மறுபடி பேச்சிலர் ரூமுக்குத் திரும்பினார்கள். அந்த ரூமில் ஆளுக்கு ஒரு கட்டில்தான் இடம். டூட்டி முடிந்து வந்தால் படுக்கை; இல்லையென்றால் படுக்கையிலேயே உட்காருவது.

பத்தாவின் சந்து ஒன்றில் தோப் என்னும் அரபு நீள அங்கியும் பேண்ட்டும் தைக்கும் புளியங்குடிக்காரர் ஒருவர் இதை எனக்கு மிகத் தெளிவாகச் சொன்னார். அவர் வந்த புதிதில் கடையில் இருந்தவை கால் மெஷின்கள். வார்ப்பிரும்பு மிதிபலகை, அதிலிருந்து சக்கரத்துக்கு ஏறும் தோல் பெல்ட். குதிகாலும் முன்னங்காலும் மாறி மாறி அழுந்த, பெருநாள் சீசனில் நள்ளிரவு தாண்டியும் அந்தப் பலகை ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு மோட்டார் மெஷின் வந்தது. இப்போது பாதத்தை லேசாக அழுத்தினால் போதும், ஊசி பறக்கிறது.

"அப்பல்லாம் ராத்திரி படுத்தா கெண்டைக்கால் வலியில தூக்கம் வராது பாய். மோட்டார் வந்ததுல கை வேகமாச்சு. கால் அப்படியே மரத்துப் போச்சு."

அவருக்குச் சர்க்கரை வந்து சில வருடங்கள் ஆகின்றன. பாதத்தில் எரிச்சல் இருக்கிறது. மோட்டாரால் சர்க்கரை வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பரம்பரை, இரவு பதினொரு மணிப் பரோட்டா, தூக்கக் குறைவு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அவர் சொன்ன கெண்டைக்காலை மருத்துவர்கள் அலட்சியமாகப் பார்ப்பதில்லை. இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுவதால் அதை இரண்டாவது இதயம் என்பார்கள். 2022-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹாமில்டன் குழுவினர், உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கெண்டைக்காலின் உள்தசையை வெகுநேரம் இயக்கினால், சர்க்கரைப் பானம் குடித்தபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை நன்றாகக் குறைவதைக் கண்டார்கள். சிறிய ஆய்வுதான்; எல்லோருக்கும் பொருந்துமா என்பதற்குப் பெரிய ஆய்வுகள் வேண்டும். ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கால் மெஷின்தான் நினைவுக்கு வந்தது.

உட்காருவதற்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் கவனித்ததும் தொழிலாளிகளைப் பார்த்துத்தான். 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் லண்டன் மாடிப் பேருந்துகளின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 'லான்செட்' இதழில் எழுதினார்கள். வண்டியும் தெருவும் ஒன்றுதான். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் டூட்டிக்கு 500 முதல் 750 படி வரை ஏறினார். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் வந்தது. டிரைவர்கள் வேலையில் சேரும்போதே பருமனாக இருந்தார்களோ என்ற சந்தேகம் மாரிஸுக்கே வந்தது. 1956-ல் அவர்களுடைய யூனிஃபார்மின் இடுப்பளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. தன் முடிவைத் தானே சோதிக்கும் அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அதன்பின் எழுபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் அவருடைய அடிப்படைக் கருத்தை உறுதி செய்தே வந்திருக்கின்றன. ஊரிலும் நிலைமை வேறில்லை. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் 14,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2014-ல் வெளிவந்தபோது, பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 54.4 சதவீதம் பேர், போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று தெரிந்தது.

இந்த இடத்தில்தான் ஒரு சின்னக் கருவி வருகிறது. பத்தா கடைகளில் இஸ்திரிப் பெட்டிக்கும் மிக்ஸிக்கும் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் மினி சைக்கிள் என்கிறார்கள். இரும்புக் குழாயில் நான்கு கால், நடுவில் ஒரு அச்சு, இரண்டு பக்கமும் வார் போட்ட பெடல், மேலே இறுக்கத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு. நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் வைத்து மிதிக்க வேண்டியதுதான். மிதித்து முடித்தால் கட்டிலுக்கு அடியில் செருப்புக்குப் பக்கத்தில் தள்ளிவிடலாம்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சிலர் ரூமில் தங்கியதில்லை. ஜூலை மாதம் வெளியே வெயில் 45 டிகிரியைத் தொடும்போது, ஆறு பேர் படுக்கும் அறையில், நைட் டூட்டிக்காரர் தூங்கும் நேரத்தில், சின்ன இடத்தில் சத்தமில்லாமல் செய்யக்கூடிய உடற்பயிற்சி வேறு எது இருக்கிறது? ரியாத்தில் இப்போது ஸ்போர்ட்ஸ் பூலவார்ட் என்ற மிகப்பெரிய நடை, சைக்கிள் பாதை உருவாகி வருகிறது. மொத்தம் 135 கிலோமீட்டருக்கு மேல் நீளப்போகும் அந்தப் பாதையின் முதல் பகுதி 2025 பிப்ரவரியில் திறந்தது. அருமையான வேலை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு டூட்டி முடிந்து வருகிறவருக்கு ஆறு நாளும் அது எட்டாது.

எல்லாக் கருவியும் ஒன்றல்ல. மலிவான வகையில் அச்சை ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். உராய்வுதான் அதன் பளு. இருபது நிமிடம் மிதித்தால் அச்சு சூடாகிவிடும், கை வைக்கக் கூடாது. சில வாரத்தில் கீச்சிடவும் தொடங்கும். காந்த வகையில் பட்டை தேய்வதில்லை, சத்தமும் குறைவு, விலை கூடுதல். ஆறு பேர் ரூமுக்கு அதுதான் ஏற்றது. டைல்ஸ் தரையில் இரண்டுமே வழுக்கிக்கொண்டு போகும். அடியில் ரப்பர் பாய் போட்டு, பின் கால்களைச் சுவரில் முட்டுக் கொடுத்தால் நிற்கும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஆகவே ஆகாது. பெடல் எட்டத்தில் போகும்போது முட்டி முழுதாக நீட்டிக்கொள்ளாமல் சற்றே மடங்கியிருக்கும்படி தூரத்தை வைக்க வேண்டும். முட்டி நெஞ்சுப் பக்கம் ஏறினால் நாற்காலி தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். சின்னத் திரையில் கலோரி என்று ஓடும் எண்ணை நம்ப வேண்டாம். மிதிப்பவரின் எடை அதற்குத் தெரியாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அந்த வேகம் போதும். பாத எரிச்சல் உள்ள சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலில் மிதிக்கவே கூடாது. வார் உராய்ந்து வரும் புண் அவர்களுக்கு வலிக்காமலே போகலாம், அதுதான் ஆபத்து.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அப்போது எடுத்துவிட்டார்கள். டூட்டிக்காரர்களுக்கு இது பெரிய விடுதலை. சாப்பிட்டதும் கொஞ்சம், தொழுதுவிட்டு வந்து கொஞ்சம், ஊரோடு வீடியோ காலில் பேசும்போது கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குப் பிறகு மிதிப்பது சர்க்கரைக்கு இன்னும் நல்லது. ஆனால் மெதுவாக மிதித்துக்கொண்டே போனால் அது லேசான உழைப்புதான். திருகை இறுக்கி வியர்க்க வைத்தால்தான் கணக்கில் சேரும். கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் இது எதுவும் செய்யாது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

பத்தாவின் கார்கோ கடையில் இந்த மாற்றத்தை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம். முன்பு அட்டைப்பெட்டிக்குள் போனவை கம்பளி, டாங், நிடோ, கோடாலித் தைலம், டார்ச் லைட், டேப் ரிக்கார்டர். தைலம் அம்மாவின் முட்டிக்கு. இப்போது அதே முட்டிக்கு மினி சைக்கிள் போகிறது. தெரிந்த தம்பி ஒருவன் பெட்டி ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று வீடியோ காலில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, சக்கரத்தை விட்டுட்டு அனுப்பிட்டியே?"

"சக்கரம் கிடையாதும்மா. எங்கயும் போகாது. நாற்காலியைச் சுவத்தோட ஒட்டிப் போட்டு உக்காந்து மிதிங்க."

அந்த அம்மாவும் ஒரு காலத்தில் திண்ணையில் உஷா மெஷினை மிதித்து அக்கம்பக்கத்து ஜாக்கெட்டெல்லாம் தைத்தவர். குடத்தில் தண்ணீர் தூக்கியவர். பிள்ளை அனுப்பிய பணத்தில்தான் வீட்டுக்கு மோட்டாரும் கிரைண்டரும் வந்தன. முட்டித் தேய்மானத்துக்குத் தொடைத் தசையை வலுப்படுத்துவதுதான் பிசியோதெரபியின் முதல் பாடம். உடல் எடை முட்டியில் இறங்காமல் அதைச் செய்ய உட்கார்ந்து மிதிப்பது நல்ல வழி. வலி கூடினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் கால் தானாக அசையாதவர்களுக்கு மோட்டாரே பெடலைச் சுற்றும் வகையும் உண்டு. அதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் வாங்கக் கூடாது.

தொழிலாளர் கேம்ப் நடத்தும் கம்பெனிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. கட்டில், ஏ.சி., தண்ணீர் கூலர், துணி துவைக்கும் மெஷின் என்று ஒரு பட்டியல் வைத்துத்தான் ரூம் தயார் செய்கிறீர்கள். அதில் ரூமுக்கு ஒரு காந்த வகை மினி சைக்கிளையும், அதோடு ஒரு உறுதியான மர நாற்காலியையும் சேருங்கள். வேலைக்காக எடுக்கும் மெடிக்கலில் தொழிலாளியின் சர்க்கரையும் பிரஷரும் தெரிந்தால், அந்தச் சீட்டை ஃபைலில் வைத்ததோடு விடாமல் அவர் கையிலும் ஒரு நகல் கொடுங்கள்.