ஐகான் மறைந்தால் யாரைக் கூப்பிடுவது?

ஐப்பசி பிறந்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும். இடிச் சத்தம் கேட்டதுமே டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவது நாஞ்சில் நாட்டு வீடுகளில் பழக்கம். மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரை அந்த அவசரத்தில் மறந்துவிடுகிறோம். கரண்டு போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. ராத்திரி கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் படம் மட்டும் இல்லை. சில வீடுகளில் வைஃபை படம் போயிருக்கும். சில நேரம் மணியைத் தவிர அந்த மூலையே காலியாகக் கிடக்கும்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் சட்டென்று நின்றால், எந்த ஐகானை அந்த மூலையில் காட்டுவது என்று அது எழுதிவைத்திருக்கும் குறிப்பு பாதியில் கெட்டுப்போகலாம். பெரிய அப்டேட் ஒன்று ஏறிய பிறகும், பழைய கம்ப்யூட்டர் திணறித் திணறிக் கிளம்பும்போதும் இதே கோளாறு வரும். ஸ்பீக்கர் கெடவில்லை, இணையமும் கெடவில்லை. அவற்றைக் காட்டும் படம்தான் காணவில்லை. பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில் வீட்டிலேயே சரியாகிவிடும் சங்கதி இது, செலவும் கிடையாது.

ஆனால் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஓய்வுபெற்ற அப்பாவும் அம்மாவும். ஞாயிற்றுக்கிழமை பேரனோடு வீடியோவில் பேசும் நேரத்தில் சத்தம் கூட்டக் கைக்கு ஸ்பீக்கர் படம் அகப்படவில்லை என்றால் பதற்றம் வரத்தான் செய்யும். பதற்றத்தில் போனை எடுத்து ‘மைக்ரோசாஃப்ட் கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடுகிறார்கள். ஆபத்து தொடங்குவது அங்கேதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கடிகாரத்துக்கு இடது பக்கம் மேல்நோக்கிய சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். காணாமல் போனதாக நினைத்த படம் பல நேரம் அதற்குள் ஒளிந்திருக்கும். மவுசால் பிடித்து இழுத்து வெளியே வைத்தால் போதும். அங்கேயும் இல்லை என்றால் திரையின் அடியில் நீளும் டாஸ்க்பாரில் வெற்றிடம் பார்த்து ரைட் கிளிக் செய்து ‘டாஸ்க்பார் செட்டிங்ஸ்’ போங்கள். விண்டோஸ் 10-இல் கீழே இறங்கினால் ‘டர்ன் சிஸ்டம் ஐகான்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்று ஒரு வரி இருக்கும். கடிகாரம், ஸ்பீக்கர், நெட்வொர்க் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் அதில் உண்டு. விண்டோஸ் 11-இல் ‘அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்’ என்ற பகுதி. 10-இலிருந்து 11-க்கு மாறியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 11-இல் வைஃபை, ஸ்பீக்கர், பேட்டரி மூன்றையும் சேர்த்து ஒரே பட்டனாக ஆக்கிவிட்டார்கள். அது கோளாறு அல்ல, அமைப்பே அப்படித்தான்.

சுவிட்ச் ஆனில் இருந்தும் படம் வரவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பட்டியலில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்ற பெயரைத் தேடி, ரைட் கிளிக் செய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ஒரு நொடி டாஸ்க்பார் முழுக்க மறைந்துவிட்டுத் திரும்ப வரும், பயந்துவிட வேண்டாம். பாதிப் பேருக்கு மேல் இந்த இடத்திலேயே சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

அதற்கும் மசியாத ஐகான்களும் உண்டு. விண்டோஸ் 7, 10 இரண்டிலும் அந்தக் கெட்டுப்போன குறிப்பு, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ட்ரேநோட்டிஃபை’ என்ற இடத்தில், ‘ஐகான்ஸ்ட்ரீம்ஸ்’, ‘பாஸ்ட்ஐகான்ஸ்ட்ரீம்’ என்ற இரண்டு பெயர்களில் கிடக்கும். இரண்டையும் அழித்துவிட்டு எக்ஸ்ப்ளோரரை மறுபடி தொடங்கினால் விண்டோஸ் புதிதாக எழுதிக்கொள்ளும். இதை விவரம் தெரிந்தவரை வைத்துத்தான் செய்ய வேண்டும். கைவைக்கும் முன் ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டர், இ-சேவை மையக் கம்ப்யூட்டர் என்றால் நீங்களாகத் தொடவே வேண்டாம். நிர்வாகம் வேண்டுமென்றே அந்தப் படங்களை மறைத்து வைத்திருக்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு அனுபவம் இருக்கும். என்எச்எம் ரைட்டர் போட்டிருந்தால் அந்த மூலையில் ஒரு மணிப் படம் நிற்கும். அது மறைந்ததும் தமிழே போய்விட்டது என்று மறுபடி இன்ஸ்டால் செய்யப் போவார்கள். மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆல்ட் விசையோடு அதற்குரிய எண்ணைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகை வந்து நிற்கும். அவசரப்பட்டு ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து ‘தமிழ் எழுதி’ என்று கண்டதையும் இறக்குவதுதான் கெடுதல்.

ஒரே ஒரு ஐகான் மறைந்தால் மட்டும் அலட்சியமாக இருக்கக் கூடாது. அது ஆன்ட்டிவைரஸ் கேடயம். சில கெட்ட நிரல்கள் உள்ளே வந்ததும் முதலில் காவலைத்தான் அணைக்கும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தட்டச்சு செய்து திறந்து, ‘ரியல்-டைம் புரொடெக்‌ஷன்’ ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன் செய்தும் தானாக அணைந்தால், அல்லது வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ‘உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் தெரிந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலை எதுவும் செய்யாமல் இணையத்தைத் துண்டித்துவிட்டு விவரம் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் விண்டோஸ் 7-இல் ஓடுகின்றன. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பாட்டு கேட்கலாம், கணக்கு எழுதலாம். நெட் பேங்கிங் வேண்டாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் வழக்கமான ஆதரவு முடிந்தாலும், வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ‘10 செத்துப்போச்சு, இன்னைக்கே புதுசு வாங்குங்க’ என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் போன் நம்பருக்கு வருகிறேன். தேடினால் மேலே வந்து நிற்கும் எண் உண்மையான நிறுவனத்தின் எண்ணாக இருக்க வேண்டும் என்பதில்லை. மோசடிக்காரர்கள் விளம்பரம் கொடுத்தும் பொய்ப் பக்கங்கள் போட்டும் தங்கள் எண்ணை அங்கே நிறுத்துகிறார்கள். எதிர்முனையில் பேசுகிறவர் மரியாதையாக, ‘சார், உங்க சிஸ்டம் ஹேக் ஆயிடுச்சு, அதனாலதான் ஐகான் போயிடுச்சு’ என்பார். பிறகு எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலி ஒன்றை இறக்கச் சொல்லி, அதில் தெரியும் ஒன்பது அல்லது பத்து இலக்க எண்ணைக் கேட்பார். அதைச் சொல்லி, திரையில் ‘அக்செப்ட்’ அழுத்திய நொடியில் உங்கள் கம்ப்யூட்டர் அவர் கையில். சேவைக் கட்டணம் வெறும் பத்து ரூபாய் என்று நெட் பேங்கிங் திறக்கச் சொல்வார். நீங்கள் தட்டச்சு செய்வதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்த எனிடெஸ்க் வழி மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களையும் எடுத்துக்கொண்டு 2023 அக்டோபரில் சிபிஐ ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. வெளிநாட்டு முதியவர்களைக் குறிவைத்த போலி உதவி மையங்கள் நம் நாட்டிலிருந்தே இயங்கியதுதான் அந்த வழக்குகளில் ஒன்றின் சாரம்.

மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது. இதை அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. திரை முழுக்கச் சிவப்பாக மாறி, ‘இந்த எண்ணுக்கு உடனே அழைக்கவும்’ என்று அலறினால் அது பொய். ஆல்ட்டும் எஃப்4-உம் அழுத்தி மூடுங்கள். மூடாவிட்டால் பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள்.

ஏமாந்துவிட்டால்? வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று இரண்டு நாள் மறைத்து வைத்திருப்பார்கள். அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டிப் போயிருக்கும். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறு ஒரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண். எந்த மாவட்டத்திலிருந்தும் அழைக்கலாம். மத்திய உள்துறையின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இதன் வழியாகத்தான் நடக்கிறது, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காவல் நிலையத்தில் ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றியது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வரும்; மூன்றாண்டு வரை சிறை.

வங்கியிடம் பேசும்போது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தவறும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்திருந்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் தலையில் விழும். ஆனால் தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வாங்குவது இதற்காகத்தான். முப்பது நாளில் வங்கி தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணம் இல்லாமல் போகலாம்.

கடைக்கு எடுத்துப் போகும் கதை வேறு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கைராசிக்கார மெக்கானிக்குகள் நிறைய உண்டு. இப்படிச் சின்ன வேலைக்குக் காசே வாங்காதவர்களும் உண்டு. ஆனால் இந்த உரையாடலையும் பலர் கேட்டிருப்பார்கள்.

“சார், விண்டோஸ் கரப்ட் ஆயிட்டு. ஃபார்மட் போட்டாத்தான் சரியாவும்.”

“தம்பி, எக்ஸ்ப்ளோரர ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா? உள்ள பேத்தி கல்யாணப் போட்டோ எல்லாம் கிடக்கு.”

இந்த ஒரு கேள்வியைக் கேட்பது நம் உரிமை. ஒரு ஐகானுக்காக ஃபார்மட் தேவைப்படுவது அரிது. அப்படியே தேவை என்றாலும், உள்ளே இருப்பதை முதலில் நகலெடுக்க வேண்டும். உங்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். கொடுக்கும்போதே ஒரு ஜாப் கார்டு கேளுங்கள். அதில் என்ன கோளாறு, எவ்வளவு ஆகும், டிஸ்க் அழிக்கப்படுமா என்ற மூன்றும் இருக்கட்டும். உள்ளே இருக்கும் ரேம், எஸ்எஸ்டி எண்களைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிரௌசரில் மெயிலிலிருந்தும் வங்கிக் கணக்கிலிருந்தும் வெளியேறிவிட்டுக் கொடுங்கள். ‘கிராக்’ போட்ட விண்டோஸ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரோடு அசல் உரிமம் வந்திருந்தால் அதே விண்டோஸை மறுபடி போட அதுவே போதும். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் உங்களுக்கும் குற்றம்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. நீங்கள் நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை மற்றவருக்குத் தருவதையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறது. அனுமதியில்லாமல் டிஸ்க்கிலிருந்து நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் பாயும். வீட்டுப் பெண்களின் அந்தரங்கப் படங்களை எடுத்துப் பரப்பினால் 66இ. இதில் யார் சமாதானம் பேச வந்தாலும் கேட்க வேண்டாம். நேராக மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

கேட்காமல் அழித்த தரவுக்கும், மாற்றி வைத்த உதிரிப்பாகத்துக்கும் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், ஆன்லைனிலும் பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருவதால், டெல்லியில் அலுவலகம் வைத்துக்கொண்டு ஆண்டுச் சந்தாவுக்குப் பணம் வாங்கிய ‘சப்போர்ட்’ கம்பெனியையும் நாகர்கோவிலுக்கு வரவழைக்கலாம். அதற்கு எதிர்தரப்பின் பெயரும் முகவரியும் கையில் வேண்டும், அதாவது பில் வேண்டும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வழக்கறிஞர் உதவி தேவைப்பட்டால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகத் தரும். உதவி எண் 15100.