பெண்களுக்கான உளவளத்துணை

பெண்களுக்கான உளவளத்துணை என்பது பதற்றம், தன்மதிப்புக் குறைவு, குடும்பச் சிக்கல் போன்றவற்றால் அல்லலுறும் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் உரையாடல் வழியாக அளிக்கும் உதவி ஆகும். இது உளவள ஆலோசனை, மனநல ஆலோசனை என்றும் அழைக்கப்படுகிறது. பெயரில் ஆலோசனை என்னும் சொல் இருப்பினும், அறிவுரை கூறுவது இதன் நோக்கம் அன்று. வந்தவர் தம் சிக்கலைத் தாமே தெளிவாகக் காணவும், அதனைக் கையாளும் திறனைப் பெறவும் துணை நிற்பதே இதன் நோக்கமாகும்.

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2019 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 30 கோடி பேர் பதற்றக் கோளாறுகளுடன் வாழ்ந்தனர். ஆண்களைவிடப் பெண்களிடமே இக்கோளாறுகள் மிகுதி. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16 இல் நடைபெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பும் இதனையே காட்டியது. மனநோய் உள்ளோருள் 70 முதல் 92 விழுக்காட்டினர், நோயின் வகைக்கேற்ப, சிகிச்சை பெறாதிருந்தனர் என்பதும் அக்கணக்கெடுப்பில் தெரியவந்தது.

பதற்றமும் தன்மதிப்பும்

பதற்றம் இயல்பான ஓர் உணர்வு. தேர்வுக்கு முன்னரும், பிள்ளைக்குக் காய்ச்சல் காணும் போதும் அது எழுவது நோயாகாது. காரணம் நீங்கிய பின்னும் அது நீடித்து, உறக்கம், உணவு, வேலை ஆகியவற்றைக் கெடுக்கும் போதே கோளாறு எனக் கருதப்படுகிறது. நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, மூச்சு முட்டுதல், வயிற்றுக் கலக்கம் ஆகியன இதன் உடல் அறிகுறிகள். இதனால் பலர் முதலில் இதய நோய் என அஞ்சிப் பொது மருத்துவரிடமே செல்கின்றனர். அது தவறன்று. தைராய்டுச் சுரப்பு மிகுதல், இரத்தசோகை ஆகியவற்றிலும் படபடப்பு உண்டாகும் என்பதால் உடற்பரிசோதனை தேவையானதே.

தன்மதிப்பு என்பது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கொண்டுள்ள மதிப்பீடு. அதன் குறைவு தனி நோயன்று. ஆயினும் பதற்றத்துடனும் மனச்சோர்வுடனும் அது நெருங்கிய தொடர்புடையது. தன்மதிப்பை அளவிட மோரிஸ் ரோசன்பர்க் 1965 இல் வெளியிட்ட பத்து வினாக்கள் கொண்ட அளவுகோல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

பெண்களிடம் இவை மிகுதியாகக் காணப்படுவதற்கு உயிரியல் காரணங்களுடன் சமூகக் காரணங்களும் உள்ளன. வீட்டு வேலை, கூலி வேலை என்னும் இரட்டைச் சுமை, குடும்ப வன்முறை, கணவரின் குடிப்பழக்கம், கடன், வரதட்சணை, பெண் குழந்தை பெற்றதற்காக ஏச்சு ஆகியன அவற்றுள் சில. மகப்பேற்றுக்குப் பிந்தைய மாதங்களும் தனிக் கவனம் தேவைப்படும் காலமாகும்.

பதற்றச் சுழற்சி

பதற்றம் தானே தணியாமல் வளர்வது எவ்வாறு என்பதைப் பின்வரும் கற்பனை எடுத்துக்காட்டால் அறியலாம். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் உறுப்பினரிடம் கூட்டத்தில் கணக்கை வாசிக்கும்படி கூறுகின்றனர். "தவறாக வாசித்தால் சிரிப்பார்கள்" என்னும் எண்ணம் எழுகிறது. நெஞ்சு படபடக்கிறது. அவர் தலைவலி எனக் கூறி எழுந்து செல்கிறார். உடனே ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே சிக்கலின் வேர். விலகியதால்தான் தப்பித்தோம் என மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த கூட்டத்தில் அச்சம் இன்னும் பெரிதாகிறது. "என்னால் எதுவும் ஆகாது" என்னும் முடிவும் உறுதிப்படுகிறது. இவ்வாறு அச்சம், விலகல், தன்மதிப்புக் குறைவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

முறைகள்

1960களில் ஆரோன் பெக் உருவாக்கிய அறிதிற நடத்தைச் சிகிச்சை, பதற்றத்துக்குப் பயனுள்ளது என ஆய்வுகளால் நன்கு நிறுவப்பட்ட முறையாகும். இதன் கூறுகள் பின்வருமாறு:

* எண்ணப் பதிவு: அச்சம் எழும்போது தோன்றும் எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ள சான்றுகளை ஒப்பிடுதல். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகவும் செய்யலாம்.
* படிப்படியாக எதிர்கொள்ளல்: மேற்கண்ட எடுத்துக்காட்டில், முதலில் வீட்டில் வாசித்தல், பின் ஒரு தோழியிடம், பின் கூட்டத்தில் இரண்டு வரிகள் என முன்னேறுதல்.
* செயலூக்கம்: மனநிறைவு தரும் சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்தல்.
* மூச்சு, தசைத் தளர்வுப் பயிற்சிகள்.
* உறுதியாகப் பேசும் பயிற்சி: சினமோ அச்சமோ இன்றித் தம் தேவையைக் கூறுதலும், "இயலாது" என மறுத்தலும்.

கடுமையான நிலையில் மனநல மருத்துவர் மருந்துகளையும் பரிந்துரைப்பார். அவற்றைத் தாமாகவே திடீரென நிறுத்துதல் கூடாது.

நல்ல உளவளத்துணையாளர், கூறப்பட்டதை வந்தவரின் இசைவின்றிக் கணவரிடமோ மாமியாரிடமோ சொல்வதில்லை. உயிருக்கு ஆபத்து உள்ள நிலை இதற்கு விலக்காகும். "பொறுத்துப் போ" என்பது உளவளத்துணை ஆகாது. அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் அஞ்சுவது மனக்கோளாறு அன்று. அங்கு முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அதற்கு வழிசெய்கிறது.

மருத்துவர் அல்லாதோர் வழி உதவி

மனநல மருத்துவர்கள் குறைவாக உள்ள நாடுகளில், உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி அளித்து உளவளத்துணை வழங்கும் முறை வளர்ந்துள்ளது. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்தி, 2010 இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அதில் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் உளவளத்துணையாளர்களாகப் பணியாற்றினர். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தோருள், இவ்வுதவி பெற்றவர்களில் 65.9 விழுக்காட்டினர் ஆறு மாதங்களில் குணமடைந்திருந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இது 42.5 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

சிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா 2006 இல் தொடங்கிய நட்பு இருக்கைத் திட்டத்தில், சுகாதார நிலைய வளாகத்தில் மர இருக்கையில் அமர்ந்து பாட்டிமார் செவிமடுக்கின்றனர். உதவி நாடி வருவோரில் பெரும்பாலோர் பெண்கள்.

தமிழ்நாட்டில்

சென்னையில் இலட்சுமி விஜயகுமார் 1986 இல் நிறுவிய சினேகா அமைப்பு, தற்கொலை எண்ணம் உடையோருக்குத் தன்னார்வலர்கள் வழியாக உதவுகிறது. இந்திய அரசு 1982 இல் தேசிய மனநலத் திட்டத்தையும், 1996 இல் அதன் பகுதியாக மாவட்ட மனநலத் திட்டத்தையும் தொடங்கியது. மனநலச் சேவையைப் பெருநகர மருத்துவமனைகளிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டு செல்வதே பின்னதன் நோக்கம். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு சார்ந்த மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை ஆக்கியது.

கம்பம் பள்ளத்தாக்கில்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி கோம்பை. இதுபோன்ற பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து பெண்கள் பலர் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு விடியலிலேயே ஜீப்புகளில் கூலி வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். மருத்துவமனைகளின் புறநோயாளர் நேரம் இவர்களுக்குப் பொருந்துவதில்லை. தேனிக்குக் கிழக்கே கானாவிலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். எவரும் எவரையும் அறிந்த சிற்றூரில், மனநலப் பிரிவின் வாசலில் நிற்பதைப் பிறர் கண்டால் மகளின் திருமணப் பேச்சு தடைப்படும் என்னும் அச்சமும் உண்டு. எனவே உதவி தேவைப்படுவோருக்கும் உதவிக்கும் இடையே உள்ள தொலைவு சாலையின் நீளம் மட்டும் அன்று.

தொலைபேசிச் சேவைகள் இவ்விடைவெளியை ஓரளவு குறைக்கின்றன. 2022 அக்டோபரில் இந்தியாவெங்கும் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இலவசமாக, 24 மணி நேரமும், தமிழிலும் பெறலாம். பெண்களுக்கான உதவி எண் 181 ஆகும். ஆயினும் கைப்பேசி கணவரிடமோ மகனிடமோ இருக்கும் வீடுகளில் இவ்வசதியும் எட்டாது. அங்கு கிராமச் சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சுய உதவிக் குழுத் தோழியர் ஆகியோரே முதலில் செவிமடுக்கக் கூடியவர்கள். அவர்கள் நோயை அறுதியிட வேண்டியதில்லை. குறுக்கிடாமல் கேட்பதும், கேட்டதை வெளியே சொல்லாதிருப்பதும், தேவையெனில் மருத்துவமனைக்கு உடன் செல்வதும் போதுமானவை.

இவற்றையும் பார்க்கவும்

* மனச்சோர்வு
* அறிதிற நடத்தைச் சிகிச்சை
* மகளிர் சுய உதவிக் குழு
* கோம்பை